ஒன்பது நாள் ஒட்டு

மாசிக் கடைசியில் ஒரு மழை.
நாகலூர் முழுக்க ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு
சேலத்துப் பக்கம் இறங்கிப் போனது.
எஸ்டேட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
ஒன்பதாம் நாள் காப்பி பூக்கும்.
மூன்று நாள் மலை வெளுத்துக் கிடக்கும்.
அப்புறம் நனைந்த பஞ்சு மாதிரி
பழுப்பாகித் தொங்கும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டத்துக்குப் பணம் கட்டிய புதுப் பெட்டிகள்
ஏதோ ஒரு லாரி ஷெட்டில் தூங்குகின்றன.
"வரும்க்கா, வரும்க்கா" என்கிறது போன்.
வரும்.
பூவுக்கு யார் போன் போடுவது?

இருபத்தொரு பெட்டி.
ஏழில் கூட்டம் இருக்கிறது.
பதினாலுக்குக் கூட்டம்
வாழப்பாடித் தென்னந்தோப்பிலிருந்து ஏறி வரும்.
அந்தப் பதினாலையும் களத்தில் பரப்பிப் பார்த்தால்
பெரியாஸ்பத்திரி வராந்தா.

தீர்த்தகிரி செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ் ஏறினான்.
இருபது கொண்டை ஊசி வளைவு கீழே,
இருபது மேலே.
கொண்டுவந்தது
எம்சீல் நாலு பாக்கெட்,
அரைக்கிலோ ஆணி,
பஞ்சர் கடையில் தள்ளிய சைக்கிள் ட்யூப்,
காலி எண்ணெய் டின் ரெண்டு.
மீதிச் சில்லறைக்குத் தட்டுவடை செட்,
அதிலும் பாதி வழியிலேயே தீர்ந்திருந்தது.

புகைப்பானின் துருத்தி கிழிந்திருந்தது.
ட்யூபை வெட்டி ஒட்டினேன்.
புகை வருகிறது,
கூடவே ஒரு விசிலும்.

கறையான் தின்ற அடிப்பலகைக்கு
டின்னைத் தட்டி நிமிர்த்தி அடித்தோம்.
எண்ணெய்க் கம்பெனி மயில்
இப்போது தேனீ இறங்கும் படியில்
தலைகீழாக நிற்கிறது.

காது ஒடிந்த சட்டங்கள் முப்பத்தெட்டு.
ஒவ்வொரு காதுக்கும் ஓர் ஆணி, பாதி வெளியே நீட்டி.
தொங்கும். இந்த வருஷத்துக்குப் போதும்.

முகவலைக்கு ஊக்குகள்.
ஊக்குக்கும் ஊக்குக்கும் நடுவில் ஒருத்தி புகுந்து
என் இடது புருவத்தைத் தேர்ந்தெடுத்தாள்.
அன்றைக்கு மீதி வேலை
ஒற்றைக் கண்ணில்.

ரைட்டர் அருள்தாஸ் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.
"நீங்க எதுக்கு மண்ணப் பூசுறீங்க?
தேனீயே பிசின் வெச்சு அடைச்சுக்குமாமே,
வீடியோவுல காட்டினான்."

அது இத்தாலித் தேனீ, சார்.
நம்மது அடைக்காது.
இடுக்கில் வெளிச்சம் வந்தால்,
மெழுகு அந்து முட்டையிட்டால்,
எறும்பு ரெண்டு நாள் விடாமல் ஏறினால்
மூன்றாம் நாள் மத்தியானம்
மொத்தமும் எழுந்து போய்விடும்.
சண்டை கிடையாது.
சொல்லிக்கொள்வதும் கிடையாது.
வெறும் அடை தொங்கும்
பந்தி முடிந்த இலை மாதிரி.

போன வருஷம் ஆறு பெட்டி அப்படிப் போனது.
ஒரு விரல் இடுக்கு.
பார்த்தேன்.
நாளைக்கு என்று நினைத்தேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி
காலிப் பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடினோம்.
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் சுற்றிச் சுற்றி வந்தோம்.
ஒளி கசிந்த இடத்திலெல்லாம்
தீர்த்தகிரி விரல் வைத்தான்,
நான் சாணியும் செம்மண்ணும் வைத்தேன்.
பதினாலு பெட்டி.
தூக்கக் கலக்கத்தில் ஒன்றின் வாசலையும்
சேர்த்துப் பூசிவிட்டு
விடிகாலையில் ஆணியால் சுரண்டினேன்.

டெம்போ வந்தபோது பனி விலகவில்லை.
கூட்டங்களைச் சட்டத்தோடு எடுத்து மாற்றினோம்.
ஏழு மணிக்கு வெயில்.
மல்லிகை மாதிரி என்பார்கள் காப்பிப்பூ வாசனையை.
எனக்கு அது அவசரம் மாதிரி வீசியது.
தலைகீழ் மயிலின் மேல்
முதல் தேனீ மகரந்தக் காலோடு இறங்கி
கொஞ்சம் வழுக்கி
உள்ளே போனது.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது.
பூ பழுத்துவிட்டது.
பளபளவென்று பதினாலு பெட்டி, மஞ்சள் பெயிண்ட்.
தீர்த்தகிரி ஒன்றை முகர்ந்து பார்த்தான்.
"இந்த நாத்தம் போக ஒரு மாசம் ஆகும்க்கா.
இதுக்குள்ள இப்ப விட்டா ஓடிரும்."

அடுக்கி வை என்றேன்.
புகைப்பானை அமுக்கினேன்.
விசில்.
பத்தாம் நம்பர் பெட்டியின் மண்
மூலையில் லேசாக வெடித்திருந்தது.
கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன்.